மைக் அண்ணி வேலை விசாரித்த கதை

என் அண்ணிக்கு இரண்டு குரல் உண்டு. ஒன்று வீட்டுக் குரல். அது பக்கத்து அறைக்குக்கூட எட்டாது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று அவள் சொன்னால், அது நமக்குச் சொன்னதா, தனக்குத் தானே சொல்லிக்கொண்டதா என்று அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். இன்னொன்று மைக் குரல். பேருந்து நிலையத்தின் எல்லா நடைமேடைகளுக்கும், கழிப்பறை வரிசைக்கும், வெளியே ஆட்டோ நிறுத்தம் வரைக்கும் அது போகும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அது ஆரம்பித்தால், கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பவர்கூட வாயை மூடிக்கொண்டு கேட்பார்.

வயதில் அண்ணி என்னைவிடச் சின்னவள், முறையில் பெரியவள். அதனால் நேரில் பேசும்போது 'நீங்க' என்பேன், எழுதும்போது 'அவள்' என்கிறேன். இதைப் பெரிதுபடுத்தாதீர்கள். அதே பேருந்து நிலையத்தின் வாசலில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இருப்பது அண்ணன் வீட்டு மாடியறையில். ஆக, பகலெல்லாம் அண்ணியின் ஒரு குரல், வீட்டுக்கு வந்தால் இன்னொரு குரல். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று வேடிக்கை பார்க்கக் காத்திருந்த உறவுக்காரர்களை நாங்கள் நன்றாகவே ஏமாற்றினோம். சண்டை போடுவதற்கு அவளுக்கு வாய் வேண்டுமே.

அவளுடைய அறை, விசாரணை கவுண்டருக்கு மேலே, மூன்று பக்கமும் கண்ணாடி போட்டது. ஒரு மேசை, ஒரு மைக், ஒரு தொலைபேசி, ஒரு பிளாஸ்க் வெந்நீர். மைக்கின் தலையில் ஒரு பழைய கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருப்பாள். 'ப' வருகிற இடங்களில் காற்று அடிக்காமல் இருக்க. மைக்கைப் போடுவதற்கு முன்னால் மின்விசிறியை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரைச்சலும் ஊருக்கே கேட்கும். கோடைக்காலத்தில் அவள் வியர்த்து வழிந்துகொண்டு கனிவான கவனத்தைக் கேட்பாள்.

அவள் வேலை பார்க்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். பணிமனையிலிருந்து தொலைபேசி வரும்: இன்ன எண் வண்டி, இன்ன நடைமேடை. அதை அப்படியே வாங்கிச் சொல்லிவிட மாட்டாள். எழுந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். வண்டி அங்கே நிற்கிறதா, அதே வண்டிதானா, ஓட்டுநர் ஏறிவிட்டாரா. அப்புறம்தான் விசிறியை நிறுத்துவாள். ஒரு முறை நிலைய மேலாளரே மேலே ஏறி வந்து, "வண்டி வந்துக்கிட்டே இருக்கும்மா, சொல்லிடுங்க" என்றாராம். "வராத வண்டிய வந்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன் சார்" என்றாளாம் அண்ணி. அவள் யாரையாவது எதிர்த்துப் பேசியதாக எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்த மேலாளர்தான் போன வருடம் அவளிடம் வந்து, "நீங்க லீவு போட்டா எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும்மா. அவசரத்துக்குன்னு ஒரு பதிவு எடுத்து வச்சுக்கலாமா?" என்று கேட்டார். அண்ணிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ஒலிப்பதிவு செய்கிற ஆள் ஒருவர் கருவியோடு வந்து அவள் அறையில் உட்கார்ந்தார். வண்டி எண்கள், நடைமேடை எண்கள், 'தாமதமாக', 'புறப்படும்', 'ரத்து' எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அப்போது அண்ணி ஒரு காரியம் செய்தாள். அதைச் செய்ய அவளைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

"சார், ஒவ்வொரு எண்ணையும் மூணு விதமா சொல்றேன்" என்றாள். "வாக்கியத்துக்கு ஆரம்பத்துல வந்தா ஒரு மாதிரி, நடுவுல வந்தா ஒரு மாதிரி, கடைசியில வந்தா இறக்கிச் சொல்லணும். ஒரே மாதிரி சொன்னா ஒட்டுப் போட்டது தெரிஞ்சிடும்."

அந்த ஆளே அசந்துபோனாராம். அண்ணி வீட்டுக்கு வந்து, தன் வழக்கமான முணுமுணுப்பில், "மூணு விதமா சொன்னேன்" என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னாள். தொண்டை கட்டியிருந்தது. அண்ணன் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்து மேலாளர் அவளை அழைத்து, அடுத்த மாதத்திலிருந்து அறிவிப்பெல்லாம் கணினியே சொல்லும் என்றார். "வருத்தப்படாதீங்கம்மா. உங்க குரல் எங்கயும் போகல. இங்கயேதான் இருக்கும்" என்று ஆறுதலும் சொன்னார். இதை அண்ணி என் கடையில் வந்து சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேலே போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "அவர் பொய் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

அண்ணிக்குத் தெரிந்த தொழில் மைக் முன்னால் பேசுவது ஒன்றுதான். அந்த மைக் போய்விட்டால் அவளுக்கு மிச்சம் வீட்டுக் குரல் மட்டும். இன்னொரு மைக் கிடைக்குமா என்பதுதான் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்வி.

வேறு யாராக இருந்தாலும் இரண்டு நாள் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். அண்ணி தொலைபேசியை எடுத்தாள். டிவி தொடர்களுக்குக் குரல் கொடுக்கிற ஸ்டுடியோக்களின் எண்களை எல்லாம் தேடிப் பிடித்தாள். தொலைபேசியில் பேசும்போது அவளுக்குக் கொஞ்சம் மைக் குரல் வந்துவிடும்.

"வணக்கம். டப்பிங் வேலைக்கு என்னென்ன தேவைன்னு விவரம் தெரிஞ்சுக்கணும்."

வயது வரம்பு இருக்கிறதா, சங்கத்தில் சேர வேண்டுமா, சேருவதற்கு யார் கையெழுத்துப் போட வேண்டும், நின்றுகொண்டு பேச வேண்டுமா உட்கார்ந்தா, ஜலதோஷம் பிடித்தால் என்ன செய்வார்கள். ஒரு ஸ்டுடியோவில் சொன்னதை இன்னொரு ஸ்டுடியோவில் கேட்டுச் சரிபார்ப்பாள். இரண்டும் ஒத்து வராவிட்டால் மூன்றாவது இடம். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஸ்டுடியோவையும் பணிமனைன்னு நெனச்சுக்கிட்டா இவ" என்றார் என்னிடம். அவர் பாட்டரி கடையில் வேலை பார்க்கிறவர். தன் முதலாளியிடம் சொல்லி அண்ணிக்குப் பில் போடுகிற வேலை வாங்கித் தரலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தார். இரண்டு முறையும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

நேரில் விசாரிக்கப் போகும்போது அவளோடு நானும் போனேன். மைக்கோ தொலைபேசியோ இல்லாவிட்டால் அறிமுகமில்லாதவர்கள் முன்னால் அண்ணிக்கு வாய் எழாது. எனக்கோ வாயை மூடத் தெரியாது. இருவரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் என்று கணக்குப் போட்டேன்.

ஸ்டுடியோ என்றால் நான் என்னவோ நினைத்திருந்தேன். ஒரு பல் மருத்துவமனைக்குப் பின்பக்கம், படியேறிப் போனால் நீளமான நடை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாலைந்து பெண்கள் கையில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் காத்திருக்கிறவர்கள். ஒரு கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் மூச்சுவிடக் கூடாது. விளக்கு அணைந்ததும் எல்லாரும் ஒன்றாக இருமினார்கள்.

அங்கேதான் அழுகை அக்காவைப் பார்த்தோம். அவருடைய வேலை அழுவது. தொடர் நாயகிகளில் வசனம் பேசத் தெரிந்தவர்களுக்கும் அழத் தெரியாதாம். அந்த இடத்துக்கு மட்டும் இவரைக் கூப்பிடுவார்கள். தனக்குப் போட்டியாக வந்திருக்கிறாளே என்ற எண்ணம் கொஞ்சமும் இல்லாமல், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

"சிரிக்கத் தெரியணும், அழத் தெரியணும். வாயில சோத்தை வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி வெறும் வாயில பேசத் தெரியணும். மாடிப்படி ஏறாமயே மூச்சு வாங்கணும். திரையில அவ வாய் மூடினா உன் வாயும் மூடணும். அவ்வளவுதான்."

"அழும்போது ஏதாவது சோகத்தை நெனச்சுக்கணுமா?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள். என் காதில் விழுந்தது. அவர் காதில் விழவில்லை. நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன்.

"ஐயோ, கூடவே கூடாது. நிஜமா அழுதா தொண்டை அடைச்சுக்கும், வசனம் வராது. என் வீட்டுக்காரர் செத்துப்போன வாரத்துலகூட நான் வேலைக்கு வந்தேன். அன்னிக்கு ஒரு சொட்டு அழுகை வரல. திருப்பி அனுப்பிட்டாங்க."

அண்ணி இதைக் கேட்டுத் தலையாட்டினாள். கிளம்பும்போது நடையில் காத்திருந்த வேறு இரண்டு பேரிடமும் என்னை விட்டு விசாரித்து, அழுகை அக்கா சொன்னது சரிதான் என்று உறுதி செய்துகொண்டாள்.

அப்புறம் வீட்டில் ஆரம்பித்தது கூத்து. இரும்பு அலமாரியின் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு அண்ணி சிரித்துப் பழகினாள். மூன்று விதமாகச் சிரித்தாள். அது யாருக்கும் சிரிப்பை வரவழைக்கவில்லை. அழுகைக்குப் போனதும் அண்ணன் சமையலறையிலிருந்து கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. பழகுறேன்."

"சொல்லிட்டு அழக்கூடாதா?"

"அறிவிப்பு குடுத்துட்டா அழுவாங்க?" என்றேன் நான். அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது. அதைப் பிடித்துவைக்க எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

மாதம் முடிந்தது. அண்ணி கைக்குட்டையை மைக்கிலிருந்து அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை நான் கடையைத் திறந்தபோது, மேலே கண்ணாடி அறையில் யாரும் இல்லை. குரல் மட்டும் வழக்கம்போல வந்தது. ஒட்டுப் போட்ட இடம் கொஞ்சமும் தெரியவில்லை. மூன்று விதமாகச் சொன்னவள் ஆயிற்றே. நான் அன்றைக்கு ஒரு வாடிக்கையாளரின் சான்றிதழைத் தலைகீழாக வைத்து ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். அவர் திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு தொடரில் அம்மா பாத்திரத்துக்குக் குரல் தேவைப்படுகிறது, சோதனைக்கு வரலாம் என்று. அண்ணி அதையும் திருப்பிக் கூப்பிட்டு, நாளையும் நேரத்தையும் உறுதி செய்துகொண்டாள். நான் கடையை மூடிவிட்டு அவளோடு போனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணி, மைக் முன்னால். இந்தப் பக்கம் சவுண்ட்காரர், பக்கத்தில் நான். அண்ணி பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மைக்கில் கட்டப் போனாள். "வேண்டாம்மா, இது நல்ல மைக்" என்றார் அவர். திரையில் ஒரு தாய் வாசலில் நின்று வெளியூர் போகும் மகனை அனுப்புகிறாள். மூன்று வரிதான் வசனம்.

"நேரமாச்சு. பாத்துப் போயிட்டு வா. சாப்பிடாம இருக்காத."

அண்ணி வாய் அசைவுக்குச் சரியாகத்தான் சொன்னாள். ஓர் இம்மிகூடப் பிசகவில்லை. ஆனால் அவள் 'நேரமாச்சு' என்றதும், என்னையறியாமல் காலடியில் இருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சவுண்ட்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"நல்லா இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் கனிவா சொல்லுங்க" என்றார்.

அண்ணி மறுபடி சொன்னாள்.

"கனிவும்மா, கனிவு. சொந்தப் பிள்ளைகிட்ட சொல்ற மாதிரி."

"அந்த வார்த்தைய நான் தினமும் சொல்லிக்கிட்டு இருந்தேன் சார்" என்றாள் அண்ணி. மைக் இருந்ததால் அது தெளிவாகவே கேட்டது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க பஸ் ஸ்டாண்டு அம்மாவா? அதான பார்த்தேன்." கதவைத் திறந்து வெளியே இருந்தவர்களைக் கூப்பிட்டார். "டேய், வாங்கடா, யார் வந்திருக்காங்கன்னு பாருங்க." அழுகை அக்காவும் வந்தார். எல்லாரும் அண்ணியை ஒரு முறை அறிவிப்புச் சொல்லச் சொன்னார்கள். அவளும் சொன்னாள். கை தட்டினார்கள். அண்ணியின் முகத்தில் அந்த மலர்ச்சியைப் பார்த்தேன், போன வருடம் பதிவு எடுத்தபோது இருந்த அதே மலர்ச்சி.

எல்லாரும் போனபின் சவுண்ட்காரர் எங்களை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சிரிப்பு, அழுகை எல்லாம் கத்துக்கலாம். ஆனா எங்களுக்கு யாருன்னு தெரியாத குரல் வேணும். உங்க குரலைக் கேட்டா இந்த ஊர்ல யாருக்கும் அம்மா ஞாபகம் வராது. பையைத் தூக்கிக்கிட்டு ஓடணும்னுதான் தோணும்."

"வேற வேற ஊர்லயும் தொடர் பாப்பாங்கல்ல?" என்று நான் கேட்டேன்.

"அவங்களும் இங்க வந்துதானேம்மா பஸ் மாறுறாங்க."

வயது கேட்டோம், சங்கம் கேட்டோம், ஜலதோஷம் வரைக்கும் கேட்டோம். ஏற்கெனவே ஊரறிந்த குரலாக இருந்தால் சேர்ப்பீர்களா என்று ஒரு ஸ்டுடியோவிலும் கேட்கவில்லை. கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. அண்ணி தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "விவரம் சொன்னதுக்கு நன்றி சார்" என்றாள். வீட்டுக் குரலில்.

வீட்டுக்குப் போக வேண்டுமானால் பேருந்து நிலையம் வழியாகத்தான் போயாக வேண்டும். சாயங்கால நெரிசல். ஆறாவது நடைமேடையில் ஒரு வண்டி பழுதாகி, பின்பக்கத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது. அங்கே வர வேண்டிய முப்பத்தெட்டாம் எண் வண்டியை இரண்டாவது நடைமேடையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அண்ணி உள்ளே நுழைந்ததுமே அதைப் பார்த்துவிட்டாள். பழக்கம். அந்த நேரத்தில் மேலே இருந்து அவள் குரல் வந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வழித்தட எண் முப்பத்தெட்டு, நடைமேடை எண் ஆறிலிருந்து புறப்படும்."

அண்ணி நின்றுவிட்டாள். அவளைத் தாண்டி ஒரு பெண், இடுப்பில் குழந்தையும் தோளில் ஒரு பெரிய பையுமாக ஆறாவது நடைமேடைக்கு ஓடினாள். அண்ணி அவள் பின்னாலேயே போனாள்.

"அங்க இல்லம்மா. ரெண்டாவதுல நிக்குது."

"இப்பதானே மைக்ல சொன்னாங்க?"

"சொன்னது தப்பு. ரெண்டாவதுக்குப் போங்க."

"அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" என்றாள் அந்தப் பெண். ஆறாவதில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். பழுதான வண்டிதான் முப்பத்தெட்டு, அதைச் சரிசெய்து எடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் எல்லாரும் இருந்தார்கள்.

"அவங்கதான் இவங்க" என்றேன் நான். "அது இவங்க குரல்."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் விசாரணை கவுண்டருக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தவர், "கம்ப்யூட்டர்ல ஆறுன்னுதான் இருக்கு. மேல ரூம் பூட்டியிருக்கு, சாவி மேனேஜர்கிட்ட. அவர் கிளம்பிட்டாரே" என்றார். ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தேன்.

நான் வரும்போது அண்ணி அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். தோள்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, மைக் இல்லாமல், கைக்குட்டை இல்லாமல், முழுக் குரலில் ஆரம்பித்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வழித்தட எண் முப்பத்தெட்டு, நடைமேடை எண் இரண்டில் நிற்கிறது. தயவுசெய்து இரண்டாவது நடைமேடைக்குச் செல்லவும்."

அவள் குரல் கெஞ்சியது. அந்தச் சவுண்ட்காரர் கேட்ட கனிவு அதில் இருந்தது, அவர் கேட்டதற்கு மேலேயே இருந்தது. ஆறாவது நடைமேடையில் நின்ற அத்தனை பேரும் தலையை நிமிர்த்தி, தூணில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவளை ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டு மூன்று பேர் சந்தேகத்தோடு நகர ஆரம்பித்தார்கள். அதற்குள் ஒலிபெருக்கி அதே குரலில், நிதானமாக, ஆறு என்றது. நகர்ந்தவர்களும் திரும்பி வந்தார்கள்.

முப்பத்தெட்டு பாதி காலியாகவே எங்களைக் கடந்து வெளியே போயிற்று. அப்புறம்தான் கூட்டம் கத்திக்கொண்டு அதன் பின்னால் ஓடியது. குழந்தையோடு இருந்த பெண்ணால் ஓட முடியவில்லை. பெஞ்சில் பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அண்ணியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை அண்ணியின் தோள்பை வாரைப் பிடித்து இழுத்தது, விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண், சண்டையெல்லாம் மறந்துபோய், "அடுத்த வண்டி எப்பங்க?" என்று கேட்டாள்.

அது அண்ணிக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். நானும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மைக்ல சொல்லுவாங்க" என்றாள் அண்ணி.